காணாமற்போன 18 மூட்டை மக்காச்சோளம்

கம்ப்யூட்டர் கணக்கில் பிழை புகும் வழிகளும், அதைப் பிடிக்கும் முறையும்

தை பிறந்துவிட்டால் சின்னசேலம் வட்டாரத்தில் மக்காச்சோளம் களத்துக்கு வந்துவிடும். மண்டிகளின் வாசலில் மூட்டைகள் மலைபோல் குவியும். முன்பெல்லாம் மண்டி என்றால் ஒரு சாய்வு மேசை, அதன்மேல் தடித்த பேரேடு, காதில் பேனா செருகிய கணக்குப்பிள்ளை. இன்று அந்த மேசையில் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. பேரேட்டின் வேலையை அதற்குள் இருக்கும் தரவுத்தளம் பார்க்கிறது.

அப்படிப்பட்ட மண்டி ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். விவசாயி ஒருவர் இரண்டு தவணையாக 40 மூட்டை மக்காச்சோளம் கொண்டு வந்து போட்டார். முதல் தவணை 22 மூட்டை. அது கடையில் உள்ள கம்ப்யூட்டரில் பதிவாயிற்று. இரண்டாம் தவணை 18 மூட்டை. அன்று எடைமேடை அருகில் நின்ற பையன் இணையத்தின் வழியாகத் தன் கைப்பேசியிலேயே பதிந்தான். கணக்குத் தீர்க்கும் நாள் வந்தது. கணக்குப் பார்க்கும் பெண் பொத்தானை அழுத்தினாள். 22 மூட்டை என்று சீட்டு வந்தது!

"ஏம்மா, நல்லா பாரும்மா! நாப்பது மூட்டை போட்டேனே!"

"கம்ப்யூட்டர்ல இருபத்திரண்டுதான் காட்டுதுங்க ஐயா!"

18 மூட்டை என்பது விவசாயிக்குச் சிறிய விஷயமா? விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன் அதில் இருக்கிறது. வீட்டில் நடக்கவிருக்கும் நல்ல காரியம் அதில் இருக்கிறது. அந்த மூட்டைகள் எங்கே போயின?

யந்திரம் பொய் சொல்லுமா?

யந்திரம் பொய் சொல்லாது. ஆனால் கேட்டதற்கு மட்டுமே பதில் சொல்லும். கேள்வியில் மயிரிழை பிசகினால் பதிலும் பிசகும். தரவுத்தளத்தில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ரகத்தைச் சேர்ந்தவைதான்.

இந்த இடத்தில் அனுபவமில்லாதவர் செய்யும் முதல் காரியம், "விட்டுப்போன 18 மூட்டையை இன்னொரு தடவை பதிந்துவிடுவோம்" என்பது. இதைவிட ஆபத்து வேறில்லை. மூட்டைகள் உள்ளேயே வேறெங்காவது ஒளிந்திருந்தால், மொத்த இருப்பில் 40 மூட்டை 58 மூட்டையாகிவிடும். ஒரு பிழை இரண்டாகும்.

அனுபவசாலி என்ன செய்வார்? முதலில் தரவுத்தளத்துக்கு ஒரு நகல் எடுத்து வைப்பார். பிறகு எதையும் மாற்றாமல், கேள்வியில் உள்ள நிபந்தனைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார். "இந்த விவசாயியின் மக்காச்சோளம் எத்தனை?" என்று கேட்டதற்கு 22 வந்தது. சரக்கின் பெயரை நீக்கிவிட்டு, "இவர் போட்டது மொத்தம் எத்தனை?" என்று கேட்டால் 40 வருகிறது! ஆக, மூட்டைகள் தொலையவில்லை. அடுத்து, "சரக்குவாரியாகப் பிரித்துக் காட்டு" என்று கேட்கிறார். திரையில் இரண்டு வரிகள் தோன்றுகின்றன: மக்காச்சோளம் 22, மக்காச்சோளம் 18.

ஒரே சரக்கு, ஒரே எழுத்து. பின் ஏன் இரண்டு வரி? கடைசிக் கேள்வி: "ஒவ்வொரு பெயரிலும் எத்தனைக் குறியீடுகள் உள்ளன?" பதில் வருகிறது: ஒன்றில் 12, மற்றொன்றில் 13. திருடன் அகப்பட்டுக்கொண்டான்!

ஓகாரத்தில் ஒளிந்த திருடன்

தமிழ் எழுத்துகளுக்கு யூனிகோடு முறையில் தனித்தனி எண்கள் உண்டு. 1991-இல் வெளியான அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. 2010-இல் தமிழக அரசும் அதை ஏற்றுக்கொண்டது. அம்முறையில் "சோ" என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். சகரத்துக்குப் பின் ஓகாரக் குறியை ஒரே எண்ணாக வைக்கலாம். அல்லது, முன்னால் நிற்கும் இரட்டைக் கொம்பை ஓர் எண்ணாகவும், பின்னால் நிற்கும் காலை இன்னோர் எண்ணாகவும் வைக்கலாம். திரையில் பார்க்கும் மனிதனுக்கு இரண்டும் ஒன்றே. எண்களை மட்டும் அறிந்த யந்திரத்துக்கோ அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். கடையின் கம்ப்யூட்டர் ஒரு விதமாகவும் பையனின் கைப்பேசி மற்றொரு விதமாகவும் எழுதிவிட்டன. விளைவு, 18 மூட்டை மாயம்!

இதற்கு மருந்து உண்டு. பதிவு உள்ளே நுழையும்போதே எழுத்துகளை ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடும் வசதி இன்றைய நிரல் மொழிகளில் உள்ளது. நிரல் எழுதுபவர் அதை உபயோகிக்க வேண்டும், அவ்வளவுதான்.

எழுத்தால் வரும் தொல்லை இன்னொன்றும் உண்டு. "சின்னசேலம்" என்ற பெயரைக் கண்ணால் எண்ணினால் 6 எழுத்து. யூனிகோடு கணக்கில் 10 குறியீடு. பரவலாக வழங்கும் யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு வீதம் 30 பைட்டு இடம் வேண்டும். "ஊர்ப் பெயருக்கு 20 பைட்டு போதும்" என்று ஒருவர் கட்டம் போட்டு, உள்ளே வருவதை அந்த அளவில் வெட்டிவிட்டால் "சின்னச" என்பதோடு ஊர் முடிந்துவிடும். மிச்சம் ஒரு கேள்விக்குறியோ கட்டமோதான்.

ஒரே ஊர், மூன்று மாவட்டம்

எழுத்தைச் சீராக்குவது முதலுதவி. முழு சிகிச்சை வேறு. "மக்காச்சோளம்" என்ற பெயரை ஒவ்வொரு சீட்டிலும் ஏன் எழுத வேண்டும்? சரக்குகளுக்குத் தனிப் பட்டியல் ஒன்று போட்டு, மக்காச்சோளத்துக்கு ஓர் எண் கொடுத்துவிட்டால், சீட்டில் அந்த எண் மட்டும் இருந்தால் போதாதா?

இந்த யோசனைக்கு அடிப்படை போட்டவர் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்ற அறிஞர். விவரங்களை ஒன்றோடொன்று தொடர்புடைய அட்டவணைகளாக வைக்கும் முறையை அவர் 1970-இல் வெளியிட்டார். அதற்காக 1981-இல் டூரிங் விருது பெற்றார். அந்த அட்டவணைகளிடம் கேள்வி கேட்பதற்கான எஸ்.க்யூ.எல். மொழியும் அதே நிறுவனத்தில் 1970-களில் பிறந்ததுதான்.

அவர் முறையின் அருமை சின்னசேலத்துக்காரர்களுக்கு எளிதில் விளங்கும். இந்த ஊர் முதலில் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993-இல் விழுப்புரம் மாவட்டத்துக்குப் போயிற்று. 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டம். ஊர் நகரவில்லை; சேலம்–விருத்தாசலம் ரயில் பாதையில் அதே இடத்தில்தான் நிற்கிறது. ஆனால் வாடிக்கையாளரின் பதிவு ஒவ்வொன்றிலும் "விழுப்புரம் மாவட்டம்" என்று எழுதி வைத்தவர், ஆயிரக்கணக்கான வரிகளைத் திருத்த வேண்டியிருந்திருக்கும். திருத்தத்தில் சில வரிகள் விட்டுப்போனால் ஒரே ஊர்க்காரர்கள் இரண்டு மாவட்டத்தவர் ஆகிவிடுவார்கள். ஊருக்கு ஓர் எண் கொடுத்து, மாவட்டத்தின் பெயரை ஒரே இடத்தில் வைத்தவருக்கோ ஒரு வரி மாற்றத்தோடு வேலை முடிந்தது.

பேசாமல் கெடுக்கும் பிழைகள்

"இணைப்புக் கிடைக்கவில்லை" என்று யந்திரம் கூச்சல் போட்டால் பயமில்லை. தரவுத்தளம் ஓடுகிறதா, கடவுச்சொல் சரியா, திறந்த இணைப்புகளை நிரல் மூடாமல் விட்டு இடம் நிரம்பிவிட்டதா என்று வரிசையாகப் பார்த்தால் காரணம் அகப்படும். பிழைச் செய்தியை முழுவதும் படித்தாலே பாதி வேலை தீர்ந்தது. பேசாமல் கெடுக்கும் பிழைகள்தாம் பொல்லாதவை.

உதாரணமாக, 3-4-2025 என்று எழுதினால் நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்க வழக்கப்படி மார்ச் 4. 25-4-2025 என்றால் யந்திரம் திகைத்து நின்றுவிடும். ஏனெனில் 25-ஆவது மாதம் கிடையாது. ஆனால் 12-ஆம் தேதி வரை சத்தமின்றித் தவறாகப் பதிந்துகொண்டே போகும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2025-04-03 என்று அனுப்புவதே பத்திரம்.

காலி இடமும் அப்படித்தான். ஈரப்பதம் 14-க்கு மேற்பட்ட மூட்டைகளுக்கு ஒரு பட்டியல். 14-உம் அதற்குக் குறைந்தவையும் ஒரு பட்டியல். இரண்டையும் கூட்டினால் எல்லா மூட்டையும் வந்துவிட வேண்டும் அல்லவா? வராது. ஈரப்பதம் பார்க்காமல் காலியாக விட்ட மூட்டை இரண்டிலும் சேராது. தரவுத்தளத்தில் காலி என்பது சைபர் அல்ல. "தெரியாது" என்று பொருள். அவற்றைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

பணத்தைப் பின்ன எண்ணாகச் சேமிப்பதும் தவறு. யந்திரத்தின் இரட்டை எண் முறையில் 0.1-ஐத் துல்லியமாக எழுத முடியாது. தசம வகையாகவோ முழுப் பைசாவாகவோ வைத்தால் பல்லாயிரம் சீட்டுகளைக் கூட்டினாலும் ஐந்தொகை இடிக்காது.

டி'சோசா என்ற பெயரைப் பதிந்ததும் நிரல் முறிந்து விழுந்தால், பெரிய அபாயத்துக்கு அது முன்னறிவிப்பு. பெயரிலுள்ள ஒற்றைக் குறியைக் கேள்வியின் முடிவு என்று தரவுத்தளம் நினைத்துவிட்டது. அதே ஓட்டை வழியாக விஷமி ஒருவன் இணையத்திலிருந்து தன் கட்டளையை நுழைத்து, பேரேட்டையே திருடலாம், அழிக்கலாம். கேள்வியையும் அதில் நிரப்பும் விவரத்தையும் ஒன்றாகக் கோக்காமல் தனித்தனியே அனுப்புவதுதான் இதற்குப் பூட்டு.

பாதியில் மின்சாரம் போனால்?

விவசாயிக்குப் பணம் கொடுத்ததாக ஒரு வரி. ரொக்க இருப்பிலிருந்து கழிக்க ஒரு வரி. முதல் வரி எழுதியதும் மின்சாரம் நின்றுவிட்டால்? இரண்டும் நடக்க வேண்டும், அல்லது இரண்டுமே நடக்கக்கூடாது. இப்படி ஒரு முடிச்சாகக் கட்டும் முறையில் பெரும் பங்காற்றிய ஜிம் கிரே 1998-இல் டூரிங் விருது பெற்றார். ரயிலில் மிச்சமிருக்கும் ஒரே இடத்தை இரண்டு ஊர்களில் ஒரே விநாடியில் இருவர் கேட்டாலும் ஒருவருக்கே கிடைக்கச் செய்வது இத்தகைய ஏற்பாடுதான். இந்திய ரயில்வேயின் கம்ப்யூட்டர் முன்பதிவு 1986-இல் புதுடில்லியில் தொடங்கியது.

இணையப் பக்கத்தில் இன்னொரு தொல்லை. பதில் வரத் தாமதித்தால் அவசரக்காரர் பொத்தானை மறுபடி அழுத்துவார். ஒரு பணம் இரண்டு தடவை பதிவாகும். ஒவ்வொரு சீட்டுக்கும் தனி எண் கொடுத்து, அதே எண் மீண்டும் வந்தால் ஏற்காதபடி தரவுத்தளத்திலேயே தடை போட்டுவிட வேண்டும்.

நகல் இருக்கிறதா?

இத்தனைக்கும் மேலே ஒரு காவல் உண்டு; அதுதான் நகல். 2017 ஜனவரி 31 அன்று, உலகெங்கும் நிரலாளர்கள் பயன்படுத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு கோளாறைச் சரிசெய்யப் போன பொறியாளர், வேறொரு கம்ப்யூட்டர் என்று எண்ணி, நடப்பிலிருந்த தரவுத்தளத்தையே அழித்துவிட்டார். நகல் எடுக்க ஐந்து ஏற்பாடுகள் இருந்தும் அவை கைகொடுக்கவில்லை. அதிர்ஷ்டவசமாக, சுமார் ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு பிரதி கிடைத்தது. இடைப்பட்ட நேரத்துப் பதிவுகள் போயின. நடந்ததை அந்நிறுவனம் ஒளிக்காமல் உலகுக்குச் சொன்னது.

இதில் சின்னசேலம் மண்டிக்கும் பாடம் இருக்கிறது. நகல் எடுத்தால் மட்டும் போதாது. மாதம் ஒரு முறையாவது அதை வேறொரு கம்ப்யூட்டரில் விரித்து, கூட்டல் சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத நகலும் இல்லாத நகலும் ஒன்றுதான்.

மண்டியில் காத்திருக்கும் விவசாயியிடம் திரும்புவோம். பெயர் திருத்தப்பட்டது. சீட்டு மறுபடி அச்சாகி வந்தது: 40 மூட்டை. அவர் தம் மடியிலிருந்து கசங்கிய எடைச் சீட்டுகள் இரண்டை எடுத்து, 22-உம் 18-உம் சரியா என்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை வாங்கிக்கொண்டார்.

கம்ப்யூட்டரை அவர் நம்பவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். கணக்கைச் சரிபார்க்கும் முறை அவருக்குத் தெரிந்திருக்கிறது. நிரல் எழுதுகிறவர்களுக்கும் அது தெரிந்திருந்தால், உழைத்தவன் மூட்டை ஒன்றுகூட ஓர் எழுத்தின் மறைவில் காணாமற்போகாது.