பிளாட்டை விற்று ஊர் திரும்புகிறீர்களா? சுவரின் ஓதத்தை மறைக்காதீர்கள்!

டோம்பிவிலி கிழக்கில் ஒரு நான்கு மாடிக் கட்டடம். லிப்ட் கிடையாது. மூன்றாவது மாடியில் ஒரு கூடம், ஒரு படுக்கை அறை, ஒரு சமையல் அறை. 1994-ல் பி.எப். கடன், மனைவியின் நகை இரண்டையும் சேர்த்து ஒரு தமிழ்க் குமாஸ்தா வாங்கிய பிளாட் அது. லோக்கல் ரெயிலில் தொங்கிக்கொண்டே வேலைக்குப் போய் வந்து, ஓய்வும் பெற்றுவிட்டார். அம்பாசமுத்திரத்தில் தகப்பனார் விட்டுச் சென்ற பழைய வீட்டைச் சீர் செய்து, அங்கே குடியேற வேண்டும். அதற்குக் கையில் உள்ள ஒரே முதல் இந்த பிளாட்தான்.

மழைக்காலத்தில் விற்பனைக்குப் பேச்சு எழுந்தது. மூன்று பேர் வந்து பார்த்தார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை. காரணம், படுக்கை அறைச் சுவரில் ஆளுயரத்துக்குப் படர்ந்திருந்த ஓதம்.

தரகர் ஒரு வழி சொன்னார். "அண்ணாச்சி, இது ஒரு பெரிய விஷயமா? ஒரு கை பெயிண்ட் அடித்து, பீரோவை அங்கே நகர்த்திப் போடுங்கள். கையெழுத்து ஆகிவிட்டால் அப்புறம் வாங்கினவன் பாடு!"

குமாஸ்தா தலையாட்டினார். ஆனால் அவர் மனைவி சம்மதிக்கவில்லை. "அடுத்த மழைக்கு அந்தச் சுவர் ஓரம் வேறொரு பிள்ளை படுக்குமே?" என்று கேட்டார்.

சட்டமும் அதையே சொல்கிறது

அம்மாள் கேட்டது நியாயம் மட்டுமல்ல, சட்டமும் கூட. 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் 55-வது பிரிவின்படி, வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்ணில் படாத முக்கியக் குறை ஏதும் இருந்தால், அதை விற்பவர் தாமாகவே சொல்லிவிட வேண்டும். பீரோவுக்குப் பின்னால் ஒளித்த ஓதம், பின்னால் வழக்காகவும் முளைக்கலாம். அம்பாசமுத்திரத்திலிருந்து கல்யாண் கோர்ட்டுக்கு நடப்பது யாரால் ஆகும்?

ஓதம் எங்கிருந்து வருகிறது?

முதலில் பிளம்பரை அழைத்தார்கள். மேல்மாடிக்காரரின் ஒப்புதலோடு, அவர் குளியல் அறையில் நஹானியின் வாயை அடைத்து ஒரு நாள் தண்ணீர் தேக்கிப் பார்த்தார்கள். கீழே சுவர் மேலும் நனைந்தது. கோளாறு பிடிபட்டது.

இதில் செலவு யாருடையது என்ற சண்டை வழக்கமானது. மாதிரி துணை விதிகளின்படி, வெளிச்சுவர், மொட்டை மாடி, பொதுக் குழாய் ஆகியவற்றின் ஒழுகல் சொசைட்டியின் பொறுப்பு. குளியல் அறை, கழிப்பறை, சமையலறைத் தொட்டி ஆகியவற்றின் ஒழுகல் அந்தந்த வீட்டுக்காரரின் பொறுப்பு. இங்கே மேல்மாடிக்காரர் நல்ல மனிதர். நஹானியை மாற்றிக் கொடுத்தார்.

உடனே பெயிண்ட் அடிக்கவில்லை. ஊறிய காரையைக் கொத்தி எடுத்து, புதிதாகப் பூசி, மழை ஓய்ந்து சுவர் நன்றாக உலரும் வரை பொறுத்திருந்தார்கள். ஈரச் சுவரில் அடித்த பெயிண்ட் சில மாதங்களில் அப்பளம் போல் உப்பி உதிரும். பிளம்பருக்கும் கொத்தனாருக்கும் கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்கிப் பத்திரப்படுத்தினார்கள்.

வந்தவர் கண்ணில் படுவது

பிறகு வீட்டை ஒழித்தார்கள். பரணில் முப்பது ஆண்டுச் சாமான்! உடைந்த தொட்டில், டிரங்குப் பெட்டி, பழைய மிக்ஸி. பாதியைப் பழைய சாமான்காரருக்குப் போட்டார்கள். ஜன்னலை மறைத்திருந்த அலமாரியை நகர்த்தியதும் கூடத்துக்கு வெளிச்சம் வந்தது. பூஜை மாடத்தின் எண்ணெய்ப் பிசுக்கையும், சமையலறைச் சுவரின் தாளிப்புக் கறையையும் சோடா உப்பு போட்டுத் தேய்த்தார்கள். ஆணிகளைப் பிடுங்கி ஓட்டைகளை அடைத்தார்கள். சொட்டிய குழாய்க்கு வாஷர், முனகிய கதவுக்கு எண்ணெய், எரியாத விளக்குக்குப் புது பல்பு. இவ்வளவுதான்.

புது டைல்ஸ், புது சமையலறை என்று இறங்கவில்லை. வாங்குகிறவர் தம் விருப்பப்படி அதை உடைத்து மாற்றுவார். போட்ட பணம் விலையில் திரும்பும் என்ற நிச்சயம் இல்லை.

நாளும் நேரமும்

நாம் ஆடியையும் மார்கழியையும் தவிர்ப்பது போல, மராத்தியர்களில் பலர் பித்ரு பட்சத்தில் வீட்டுப் பேச்சு எடுப்பதில்லை. தசராவும் குடி பாட்வாவும் அவர்களுக்கு நல்ல நாட்கள். ஆகவே தசராவை ஒட்டி வீடு காட்ட ஆரம்பித்தார்கள். ஞாயிறு பகலில் மெகா பிளாக் என்றால் ரெயிலில் வருகிறவர் எரிச்சலோடு வந்து சேருவார். அதனால் காலை 10 மணிக்குள் வரச் சொன்னார்கள். கிழக்கு ஜன்னலில் வெயில் விழும் நேரமும் அதுதான்.

காகிதத்தையும் துடைத்து வையுங்கள்

சுவரைப் போலவே காகிதமும் சுத்தமாக இருக்க வேண்டும். பில்டரிடமிருந்து தொடங்கி இன்று வரை கைமாறிய ஒவ்வொரு ஒப்பந்தத்தின் அசல், சொசைட்டி பங்குச் சான்றிதழ், சொத்து வரி ரசீது, பராமரிப்புப் பாக்கி இல்லை என்ற கடிதம், கடன் தீர்ந்ததற்கான வங்கிக் கடிதம் ஆகியவற்றை ஒரே பைலில் வைப்பது நல்லது. பங்குச் சான்றிதழில் இறந்தவர் பெயர் இருந்தால், வாரிசுகள் அனைவரின் சம்மதத்தையும் முதலிலேயே வாங்கிவிட வேண்டும்.

மாற்றப் பிரீமியம் என்று சொசைட்டி கேட்கும் தொகைக்கும் வரம்பு உண்டு. மாநகராட்சிப் பகுதியில் அது 25,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று 2001-ல் மராட்டிய அரசு சுற்றறிக்கை வெளியிட்டது.

இன்னொன்று. "பாதி ரொக்கம்" என்ற பேச்சுக்கு இடம் கொடுக்கக் கூடாது. 2015 ஜூன் 1 முதல் வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதற்குத் தடை உண்டு. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விழலாம்.

ரசீது பேசியது

தீபாவளிக்கு முன் ஓர் இளம் மராத்தியத் தம்பதி வந்தார்கள். சுவர் வெள்ளையாக இருந்தது. அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அம்மாளே சுவரைக் காட்டி, தமக்குத் தெரிந்த மராத்தியில் நடந்ததைச் சொல்லி, ரசீதுகளை எடுத்து வைத்தார். அந்தப் பெண் கணவனைப் பார்த்தாள். பிறகு சுவரில் கை வைத்துப் பார்த்தாள். உலர்ந்திருந்தது.

தரகர் பயந்தபடி பேரம் முறியவில்லை. கேட்ட விலையில் சிறிது குறைத்துக்கொண்டு முடித்தார்கள்.

பங்குச் சான்றிதழில் அம்மாளின் பெயரும் உண்டு. நகை அவருடையது அல்லவா? சார்பதிவாளர் அலுவலகத்தில் போட்டோ எடுத்து, கட்டை விரல் ரேகை பதித்தபின், அவர் தமிழில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். சாவியைக் கொடுக்கும்போது, எந்த ஜன்னல் கொக்கி மழையில் இறுகும் என்பதையும் மறக்காமல் சொன்னார்.