இதயம் எப்போது தடம் மாறும்? முன்கூட்டியே அறியும் முயற்சி

1909ஆம் ஆண்டு ஏப்ரல் 14. பிரேசிலின் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தில் ரயில்பாதை போடப்பட்டுக்கொண்டிருந்த லசான்ஸ் என்ற சிற்றூர். மலேரியாவைக் கட்டுப்படுத்த அங்கு அனுப்பப்பட்டிருந்த மருத்துவர் கார்லோஸ் சாகஸ், காய்ச்சலில் கிடந்த பெரனிஸ் என்னும் இரண்டு வயதுச் சிறுமியின் இரத்தத்தில் புதிய ஒட்டுண்ணி ஒன்றைக் கண்டார். அவர் பெயரால் ‘சாகஸ் நோய்’ என அது அழைக்கப்படுகிறது. ஏப்ரல் 14, இன்று உலக சாகஸ் நோய் தினம்.

பெரனிஸ் எழுபது வயதைக் கடந்து வாழ்ந்தார். ஒட்டுண்ணி கடைசிவரை உடலில் இருந்தும் அவருடைய இதயத்தைச் சாய்க்கவில்லை. ஆனால், இதே தொற்றுடன் நடுத்தர வயதில், எந்த முன்னறிகுறியும் இல்லாமல் சுருண்டு விழுந்து இறப்பவர்களும் உண்டு. யாருக்கு ஆபத்து என்பதை முன்கூட்டியே சொல்ல முடியுமா?

மண்சுவர் வீடுகளின் விரிசல்களில் ஒளிந்திருக்கும் ஒருவகைப் பூச்சி, இரவில் மனிதரின் இரத்தத்தைக் குடிக்கிறது. அதன் கழிவிலுள்ள ஒட்டுண்ணி, கடிவாய் வழியாகவோ கண் வழியாகவோ உடலுக்குள் நுழைகிறது. தொற்று கண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, பல ஆண்டுகள் கழித்து இதயம் பாதிக்கப்படுகிறது. இதயத் தசையில் ஏற்படும் அழற்சி, ஆங்காங்கே தழும்புகளை விட்டுச்செல்கிறது. துடிப்பை இயக்கும் மின்சாரம் தழும்பைக் கடக்க முடியாமல் அதைச் சுற்றிச் சுற்றி ஓடத் தொடங்கினால், துடிப்பு கட்டுக்கடங்காமல் போகும். சில நிமிடங்களில் உயிரும் போகலாம்.

2006இல் பிரேசில் மருத்துவர் ரஸ்ஸியும் அவருடைய குழுவினரும் 424 நோயாளிகளின் தகவல்களை ஆராய்ந்து ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டனர். அது பார்ப்பது ஆறு விவரங்களைத்தான்: சிறிது நடந்தாலே மூச்சு வாங்குகிறதா? எக்ஸ்ரேயில் இதயம் பெரிதாகத் தெரிகிறதா? ஸ்கேனில் இதயச் சுவரின் அசைவு குறைந்துள்ளதா? 24 மணிநேரப் பதிவில் திடீர் வேகத்துடிப்பு வந்துபோகிறதா? இசிஜி அலைகள் குட்டையாக உள்ளனவா? நோயாளி ஆணா? மொத்தம் 20 மதிப்பெண்கள். ஆறு அல்லது அதற்குக் கீழ் பெற்றவர்களில் பத்தாண்டுகளுக்குள் இறந்தோர் சுமார் 10 விழுக்காடு. 12 அல்லது அதற்கு மேல் பெற்றவர்களில் 84 விழுக்காடு!

ஆபத்து தெரிந்தால் மட்டும் போதுமா? தாறுமாறான துடிப்பை மின்னதிர்ச்சி கொடுத்துச் சீராக்கும் சிறு கருவியை நெஞ்சுக்குள் பொருத்தலாம். அதிக மதிப்பெண் பெற்ற நோயாளிகளிடம் அக்கருவியை மருந்துடன் ஒப்பிட்ட பிரேசில் ஆய்வின் முடிவு 2024இல் வெளிவந்தது. திடீர் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. ஆனால், மொத்த உயிரிழப்பில் தெளிவான வேறுபாடு இல்லை. துடிப்பைக் காக்கும் கருவியால், ஏற்கெனவே நலிந்துவிட்ட தசையை மீட்க முடியாது. ஒட்டுண்ணியைக் கொல்லும் மருந்தும் அப்படித்தான். தொற்றின் தொடக்கத்திலேயே கொடுத்தால்தான் நல்ல பலன்.

ஆக, கணிப்பு சரியாக இருந்தால் மட்டும் போதாது, அது சீக்கிரமே வரவேண்டும். ஆனால், உலகில் சாகஸ் தொற்றுடன் வாழும் 60 லட்சத்துக்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோருக்குத் தங்களுக்குத் தொற்று இருப்பதே தெரியாது.

உயிர்மருத்துவப் பொறியியல் மாணவனான என்னை ஈர்த்தது இந்த இடம்தான். 2025இல் பிசியோநெட் நடத்திய அனைத்துலகப் போட்டியில், சாதாரண இசிஜியைக் கொண்டே சாகஸ் நோயாளிகளைக் கண்டறியும் கணினி நிரல்களை எழுதுமாறு கேட்டிருந்தனர். எல்லாருக்கும் இரத்தப் பரிசோதனை செய்யும் வசதி அங்கு இல்லை. எனவே, நிரல் முன்னுரிமை கொடுக்கும் முதல் 5 விழுக்காட்டினரில் உண்மையான நோயாளிகள் எத்தனை பேர் சிக்குகிறார்கள் என்பதை வைத்தே புள்ளிகள் தரப்பட்டன.

வகுப்பில் நாம் போடும் கணக்கில் ஒரு விடை தவறினால் ஒரு மதிப்பெண் போகும். அந்த 5 விழுக்காட்டுப் பட்டியலில் ஒரு பெயர் தவறினால், நெஞ்சில் தழும்பு வளர்வதை அறியாமலேயே ஒருவர் நாளை வேலைக்குப் போவார்.