மாதிரி கொடுத்தால் விற்பனை கூடுமா?

மாம்பழக் கடையில் ஒரு கீற்று நறுக்கிச் சுவைக்கத் தருவார்கள். இனித்தால் வாங்குவோம், புளித்தால் நகர்ந்துவிடுவோம். வீடியோ விளையாட்டுகளில் இலவசமாகத் தரப்படும் மாதிரிப் பகுதியும் இத்தகையதே. அது விற்பனையைக் கூட்டுமா, குறைக்குமா?

1993 டிசம்பரில் அமெரிக்காவின் 'இட் சாஃப்ட்வேர்' நிறுவனம் 'டூம்' என்னும் விளையாட்டின் மூன்று பாகங்களில் முதலாவதை இலவசமாகவே பரப்பியது. சுவை கண்டவர்கள் மற்ற இரண்டையும் விலை கொடுத்து வாங்கினர். நிறுவனம் செழித்தது.

ஆனால் 2013இல் விளையாட்டு வடிவமைப்பாளர் ஜெஸ்ஸி ஷெல் ஒரு வரைபடத்தைக் காட்டினார். எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுகளில், முன்னோட்டப் படம் மட்டும் வெளியிட்டவை, மாதிரியும் தந்தவற்றைவிட மிகுதியாக விற்றிருந்தன. மாதிரியை ஆடியதும் ஆவல் தணிந்துவிடுகிறது என்பது அவர் விளக்கம்.

அப்படியானால் மாதிரிதான் குற்றவாளியா? அவசரப்படக் கூடாது. புகழ் பெற்ற விளையாட்டுக்கு விளம்பரமே போதும். பெயர் தெரியாத விளையாட்டுக்கே மாதிரியின் துணை பெரிதும் தேவைப்படும். ஆகவே விற்பனை குறைந்ததற்குக் காரணம் மாதிரியா, முன்பே இருந்த நலிவா என்பதை அந்த வரைபடம் மட்டும் சொல்லிவிடாது. டூமின் வெற்றியும் ஒரே ஒரு சான்றுதான்.

மருந்து உண்போரில் நோயாளிகளே அதிகம். அதனால் மருந்துதான் நோயைத் தந்தது என்போமா?