ஆண்மைக்குறைவுக்கு ஆபரேஷன்: யாருக்கு, எப்போது?

அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி, நரிக்குடிப் பக்கம் ஐம்பதைத் தொட்ட ஆண்கள் சர்க்கரை நோயைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசுவார்கள். வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்ட பின் எவ்வளவு, எந்த மாத்திரை எத்தனை வேளை என்பதெல்லாம் டீக்கடையிலேயே அலசப்படும். அந்தச் சர்க்கரை படுக்கையறைக்குள் செய்த வேலையை மட்டும் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. யாரிடம் சொல்வது? மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுவருபவர் அதே பகுதியைச் சேர்ந்த பெண். அரசு ஆஸ்பத்திரி ஓ.பி. வரிசையில் பின்னால் நிற்பவர் மச்சான் முறையாக இருப்பார். "உடம்பு அசதியா இருக்கு டாக்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு, சத்து மாத்திரையோடு வீடு திரும்புகிறார் மனிதர்.

விறைப்புக் குறைபாட்டுக்கு மாத்திரை உண்டு என்பது இப்போது பலருக்கும் தெரியும். மாத்திரை கைவிட்ட பிறகும் வழி இருக்கிறது, அது ஓர் அறுவைச் சிகிச்சை என்பது தெரிந்தவர்கள் குறைவு. இம்ப்ளான்ட் எனப்படும் அந்த உள்வைப்புச் சிகிச்சை எப்படிப்பட்டது, யாருக்குப் பொருந்தும், யார் அதன் பக்கமே போகக் கூடாது என்று பார்ப்போம்.

சர்க்கரை எப்படிக் கெடுக்கிறது

ஆணுறுப்பின் உள்ளே நீளவாக்கில் இரண்டு குழல்கள் இருக்கின்றன. அவற்றை நிறைத்திருப்பது பஞ்சு போன்ற திசு. மூளையிலிருந்து நரம்பு வழியாகச் சேதி வந்ததும் ரத்தக் குழாய்கள் விரிந்து, அந்தத் திசு முழுக்க ரத்தம் நிறைகிறது. நிறைந்த ரத்தம் திரும்பிப் போகும் வழி அழுத்தத்தில் அடைபட்டு விறைப்பு நிற்கிறது. நரம்பு, ரத்தக் குழாய், ஹார்மோன், மனநிலை நான்கும் சரியாக இருந்தால்தான் இது நடக்கும். கட்டுப்பாடில்லாத சர்க்கரை நரம்பையும் ரத்தக் குழாயையும் ஒருசேர அரிக்கிறது. அதனால்தான் சர்க்கரை நோயாளிகளுக்கு இந்தக் குறை மற்றவர்களைவிடச் சீக்கிரம் வருகிறது. மாத்திரையும் அவர்களிடம் குறைவாகவே வேலை செய்கிறது. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இன்டியாப் (INDIAB) ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். நாட்டின் சராசரி 11.4.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஆணுறுப்புக்குப் போகும் தமனியின் குறுக்களவு 1 முதல் 2 மில்லிமீட்டர்தான். இதயத்துக்குப் போவது 3, 4 மில்லிமீட்டர். கொழுப்பு படியத் தொடங்கினால் சின்னக் குழாய்தான் முதலில் திணறும். மாரடைப்புக்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டு முன்பே விறைப்புக் குறைபாடு தலைகாட்டியிருப்பதை இதய மருத்துவர்கள் பலரிடம் பார்த்திருக்கிறார்கள். நாற்பது வயதில் ஒருவருக்கு இந்தக் குறை புதிதாக வந்தால், முதலில் எடுக்க வேண்டியது இ.சி.ஜி., சர்க்கரை, கொழுப்பு, பிரஷர் பரிசோதனைகள். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் விட்டே ஆக வேண்டும்.

பிரஷர் மாத்திரைகளில் சில விறைப்பைக் குறைக்கும். அது தெரிந்ததும் மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அப்படி நிறுத்துவது பக்கவாதத்தில் கொண்டுபோய் விடலாம். டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரை மாற்றித் தருவார்.

எல்லாமே சர்க்கரையால் வருவதும் கிடையாது. பனை ஏறும்போது விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டவர்கள், நான்குவழிச் சாலை விபத்தில் இடுப்பெலும்பு நொறுங்கியவர்கள், புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கும் இது வரலாம். இவர்களுக்கு வயது முப்பதாகவும் இருக்கக்கூடும்.

லாட்ஜ் அறை வைத்தியம்

நம் பக்கத்துச் சிறுநகரங்களில் பஸ் ஸ்டாண்டுச் சுவர் எதுவும் ஆண்மைக்குறைவு வைத்திய விளம்பரத்துக்குத் தப்பியதில்லை. மாதத்தில் இன்ன தேதி, இன்ன லாட்ஜ், அறை எண்ணும் போட்டிருக்கும். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டப்படி ஆண்மைக்குறைவைத் தீர்ப்பதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதே குற்றம். சட்டத்துக்கு எழுபது வயது கடந்துவிட்டது. சுவரொட்டி பசை காயாமல் இருக்கிறது.

அங்கே விற்கும் பொடியிலும் லேகியத்திலும் என்ன கலந்திருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. மூலிகை என்று சொல்லி விற்கப்பட்ட இப்படிப்பட்ட சரக்குகளில் விறைப்பு மாத்திரையில் உள்ள சில்டனாஃபில் கலந்திருப்பதை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் சார்பிட்ரேட் வைப்பவர் அந்தப் பொடியைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் திடீரென்று சரிந்து உயிரே போகலாம். பணம் போவதாவது பரவாயில்லை. கட்டுப்படுத்த வேண்டிய சர்க்கரையைக் கவனிக்காமல் இரண்டு மூன்று வருடம் ஓடிவிடுகிறது. இதைத்தான் பெரிய நஷ்டமாக நான் நினைக்கிறேன்.

இந்த அறைகளுக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் நோயாளிகளே இல்லை என்பது என் எண்ணம். கல்யாணத்துக்கு நாள் குறித்த இளைஞன், தூக்கத்தில் விந்து போகிறது, சுய இன்பப் பழக்கம் இருந்தது, உடம்பே கெட்டுப்போயிற்று என்று நடுங்கிக்கொண்டு போகிறான். அது நோயே இல்லை. அதிகாலையில் விறைப்பு வருகிறதென்றால் அவனுடைய குழாயும் நரம்பும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. அவனுக்கு ஆலோசனை போதும். ஆபரேஷன் பேச்சே அங்கே எழக் கூடாது.

ஆபரேஷனுக்கு முந்தைய படிகள்

சில்டனாஃபில் 1998-இல் சந்தைக்கு வந்தது. "மாத்திரை கேக்கல" என்று சொல்பவர்களை விசாரித்தால், பலர் இரவு வயிறு முட்டப் பரோட்டா சாப்பிட்டு அதன் மேல் மாத்திரையைப் போட்டவர்களாக இருப்பார்கள். கொழுப்பான சாப்பாடு அந்த மருந்து ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். ஒரு மணி நேரம் முன்பு, லேசான வயிற்றில், சரியான அளவில், ஐந்தாறு தடவையாவது முயன்று பார்த்த பிறகே அது பயனில்லை என்று முடிவுகட்ட வேண்டும். மாத்திரை தானாக விறைப்பைத் தராது; ஆசையும் தூண்டுதலும் இருந்தால்தான் வேலை செய்யும்.

அடுத்தது வெற்றிடப் பம்பு. உறுப்பின் மேல் குழாயை மாட்டி, காற்றை உறிஞ்சி, ரத்தத்தை வரவழைத்து, அடியில் வளையம் போடும் கருவி. அமெரிக்காவில் டயர் வியாபாரம் செய்த கெடிங்ஸ் ஆஸ்பன் என்பவர் தன் சொந்தக் குறைக்காகச் செய்துகொண்டது. 1982-இல் அனுமதி கிடைத்தது. அதற்கும் அடுத்தது உறுப்பிலேயே போட்டுக்கொள்ளும் ஊசி. இங்கிலாந்து உடலியல் அறிஞர் ஜைல்ஸ் பிரிண்ட்லி 1983-இல் லாஸ் வேகாஸ் மருத்துவ மாநாட்டில் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு, மேடையில் கால்சட்டையைக் கழற்றிப் பலனைக் காட்டினார். ஊசியிலோ மாத்திரையிலோ வந்த விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் இறங்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தாமதித்தால் திசு செத்துப்போகும்.

இவையெல்லாம் பலிக்காதவருக்கும், சேராதவருக்கும், முயன்று வெறுத்துப்போனவருக்கும்தான் இம்ப்ளான்ட்.

உள்ளே வைப்பது என்ன

1936-இல் ரஷ்ய மருத்துவர் பொகோராஸ் விலா எலும்புக் குருத்தை உள்ளே வைத்துப் பார்த்தார். உடம்பு அதைக் கரைத்துவிட்டது. சிலிகோன் வந்த பிறகுதான் காரியம் கைகூடியது. 1973-இல் ஹூஸ்டனைச் சேர்ந்த பிரான்ட்லி ஸ்காட், பம்பு செய்து விறைக்க வைக்கும் முதல் கருவியைப் பொருத்தினார். அதே காலத்தில் ஸ்மால், கேரியன் என்ற இருவர் விறைப்பான சிலிகோன் தண்டுகளைக் கொண்டுவந்தார்கள். இன்றைய கருவிகள் இந்த இரண்டு வம்சத்தில் வந்தவைதான்.

வளைக்கும் வகை எளிமையானது. பென்சில் தடிமனைவிடச் சற்றே பெரிய இரண்டு சிலிகோன் தண்டுகள். பல கம்பெனித் தண்டுகளில் நடுவே உலோகக் கம்பி ஓடும். மேலே வளைத்தால் அப்படியே நிற்கும், கீழே மடக்கினால் மடங்கியிருக்கும். மும்பை ஆண்நல மருத்துவர் ரூபின் ஷா வடிவமைத்த இந்தியக் கருவி இந்த வகை. தண்டின் மேலுள்ள உறையை உரித்துத் தடிமனைச் சரிசெய்துகொள்ளலாம். இறக்குமதிக் கருவியைவிட விலை குறைவு என்பதால் நம் நாட்டில் பலருக்கு எட்டும் தூரத்தில் இருப்பது இதுதான். கெட்டுப்போகும் பாகம் எதுவும் இல்லை. பக்கவாதத்தில் கைவிரல் வலுவிழந்தவர்களும் கையாளலாம். குறை என்னவென்றால், உறுப்பு எப்போதும் ஒரே விறைப்பில்தான் இருக்கும். வேட்டியோ கைலியோ கட்டி நெசவு செய்பவர், பம்புசெட்டில் துண்டோடு குளிப்பவர் இதை யோசிக்கத்தான் செய்வார். கீழே மடக்கி, இறுக்கமான ஜட்டி போட்டால் பெரும்பாலும் வெளியே தெரியாது.

பம்பு வகையில் மூன்று பாகம். உறுப்புக்குள் இரண்டு உருளைகள், விதைப்பைக்குள் சின்னப் பம்பு, அடிவயிற்றில் மூத்திரப்பை அருகே உப்புநீர் நிறைந்த பை. விதைப்பையைத் தடவிப் பம்பை அழுத்த அழுத்த நீர் உருளைக்கு ஏறி விறைக்கும். பம்பிலுள்ள பொத்தானை அழுத்தினால் நீர் பைக்கே திரும்பி உறுப்பு தளர்ந்துவிடும். இயற்கைக்கு மிகவும் நெருங்கி வருவது இது. விலை லட்சங்களில். குழாயில் கசிவு, பம்பில் பழுது என்று இயந்திரக் கோளாறும் வரலாம். பொதுவாக 10 முதல் 15 ஆண்டு உழைக்கும். பிறகு மாற்ற வேண்டியிருக்கலாம்.

ஆபரேஷன் நாளும் அடுத்த ஆறு வாரமும்

முதுகில் ஊசி போட்டோ முழு மயக்கத்திலோ, ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். உறுப்பும் விதைப்பையும் சேரும் இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்குக் கீறுவார்கள். இரண்டு குழல்களையும் திறந்து, உள்ளே படிப்படியாக விரித்து, அளவுகோல் விட்டு நீளம் பார்ப்பார்கள். இந்த அளவு கச்சிதமாக இருக்க வேண்டும். தண்டு நீண்டால் முனையைக் குத்தும், குறைந்தால் முனை தொங்கும். அளவுக்கேற்ற தண்டை இறக்கித் தையல் போட்டதும் வேலை முடிந்தது. ஒரு ராத்திரி மூத்திரக் குழாய் இருக்கும். ஒன்றிரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம்.

விதைப்பை வீங்கி நீலம் பாரிக்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் இரண்டு வாரத்தில் வடிந்துவிடும். சுமார் ஆறு வாரத்துக்கு உடலுறவு கூடாது. மூட்டை தூக்குவது, சைக்கிள் மிதிப்பது, மேடுபள்ளத்தில் பைக் ஓட்டுவது எல்லாம் அதுவரை ஆகாது. பம்பு வைத்தவர்களுக்கு அதை இயக்கும் பயிற்சி இந்த இடைவெளியில் தரப்படும்.

பெரிய பயம் கிருமித் தொற்று. முதல் முறை செய்துகொள்பவர்களில் 100-க்கு 1 முதல் 3 பேருக்கு வருகிறது. வந்துவிட்டால் மருந்து மட்டும் போதாது, கருவியையே எடுக்க வேண்டியிருக்கும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு இந்த அபாயம் கூடுதல். மூன்று மாத சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி அளவைக் குறைத்துக்கொண்டு வரச்சொல்லி டாக்டர் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால், அவரோடு சண்டைபோடாதீர்கள்.

எது கிடைக்கும், எது கிடைக்காது

விறைப்பு கிடைக்கும், வேண்டிய நேரம்வரை நிற்கும். தொடு உணர்வு, உச்சம், விந்து வெளியேறுதல் ஆபரேஷனுக்கு முன் எப்படி இருந்தனவோ அப்படியே பெரும்பாலும் இருக்கும். ஆசை குறைந்துபோனவருக்கு இது ஆசையைக் கொண்டுவராது. உறுப்பு நீளாது, முன்பைவிடக் கொஞ்சம் குட்டையாகிவிட்டதாகவே பலருக்கும் தோன்றும். முக்கியமாக, இது திரும்பி வர முடியாத வழி. உள்ளே இருந்த திசுவை ஒதுக்கித்தான் தண்டு உட்கார்கிறது. நாளை கருவியை எடுத்துவிட்டால் பழைய இயற்கை விறைப்பும் வராது, மாத்திரையும் பலிக்காது.

அப்படியிருந்தும் சரியான காரணத்துக்குச் செய்துகொண்டவர்களில் பத்தில் எட்டு ஒன்பது பேர் திருப்தியாக இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. அவர்கள் துணைவியரிடம் கேட்டாலும் ஏறத்தாழ அதே பதில்தான். மனைவிக்கு முன்கூட்டியே சொல்லி, சம்மதத்தோடு செய்தவர்களுக்கே இந்தத் திருப்தி அதிகம். ஆபரேஷனை மறைத்துச் செய்துகொண்டு பிறகு அசடு வழிவதில் அர்த்தமில்லை.

எங்கே போவது, என்ன கேட்பது

முதல் கட்டம் உள்ளூரிலேயே முடியும். சர்க்கரை, பிரஷர் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அருப்புக்கோட்டை, திருச்சுழி அரசு மருத்துவமனைகளிலும் இலவசம். 2022-இல் தொடங்கிய விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியும் பக்கத்தில்தான். சிறுநீரியல் நிபுணரை (யூராலஜிஸ்ட்) பார்க்க மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை அருப்புக்கோட்டையிலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர் தூரம். அங்கே வரிசையில் நிற்பவர்களில் உங்களைத் தெரிந்தவர் இருக்க மாட்டார் என்பதும் ஒரு வசதி.

யூராலஜிஸ்ட் எல்லோரும் இம்ப்ளான்ட் ஆபரேஷன் செய்பவர்கள் கிடையாது. நேராகவே கேளுங்கள். இந்த ஆபரேஷனை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? எனக்கு எந்த வகை, ஏன்? கருவிக்கு எவ்வளவு, ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு? தொற்று வந்தால் செலவு யாருடையது? இன்சூரன்ஸ் பாலிசிகள் பலவும் இதற்குப் பணம் தருவதில்லை, முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். ஹார்மோன் பரிசோதனையோ ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனோ எதுவும் எடுக்காமல், முதல் சந்திப்பிலேயே ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும் இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

ஆபரேஷனைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். இந்த வாரம் வெறும் வயிற்றில் ஒரு சர்க்கரை டெஸ்ட் எடுங்கள். டாக்டரிடம் அசதி என்று சொல்லாமல் உள்ளதைச் சொல்லுங்கள். முடிந்தால் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.