வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில்... போன் அப்பா கையில்!

மாலை ஆறு மணிக்கு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடம் வருகிறது. போனோ அப்பாவின் சட்டைப் பையில். அவர் வேலை முடிந்து வீடு திரும்புவதற்குள் பிள்ளை தூங்கிவிடும். ஒரே ஒரு ஸ்மார்ட்போன் இருக்கும் வீடுகளில் இது சகஜம். மறுநாள் வகுப்பில் எழுந்து நிற்பதோ அந்தப் பிள்ளை!

2020 ஊரடங்கில் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடத்தை வீட்டுக்குக் கொண்டுவர வாட்ஸ்அப் கைகொடுத்தது. அது அவசரத்துக்குச் செய்த ஏற்பாடு. பள்ளிகள் திறந்த பிறகும் பல இடங்களில் அந்தப் பழக்கம் தொடர்கிறது. மழை விடுமுறை, பெற்றோர் கூட்டம் போன்ற தகவல்களைச் சொல்ல குழு வசதியானதுதான். பாடமும் அதில் மட்டுமே வரும்போதுதான் சிக்கல்.

போன் இல்லாத வீடுகளையும் எட்ட வழி உண்டு என்பதைத் தமிழ்நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 2019-ல் தொடங்கப்பட்ட கல்வி தொலைக்காட்சி, இன்டர்நெட் இல்லாத வீடுகளுக்கும் ஊரடங்கில் பாடம் கொண்டுபோனது. 2021-ல் வந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், தன்னார்வலர்கள் பிள்ளைகளின் தெருவிலேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள்.

ஒரு போன் போதும்!

2018-19 கல்வியாண்டில் 1, 6, 9, 11-ம் வகுப்புகளுக்கு வந்த புதிய பாடநூல்களில் க்யூ.ஆர். கோடு அச்சிடப்பட்டது. திக்‌ஷா செயலியில் அதை ஸ்கேன் செய்தால் பாடத்துக்கான வீடியோ வரும். சிக்னல் கிடைக்கும் இடத்தில் டவுன்லோடு செய்துகொண்டால், பிறகு நெட் இல்லாமலே பார்க்கலாம்.

இதயம் எப்படி இயங்குகிறது என்ற பாடத்தை எடுத்துக்கொள்வோம். புத்தகத்தில் வால்வு ஒரு கோடுதான். வீடியோவில் அது திறந்து மூடுவதைப் பார்க்கலாம். ஆசிரியர் இரண்டு நிமிடம் காட்டிவிட்டு, பார்த்ததை நோட்டில் வரையச் சொன்னால் பாடம் மனதில் நிற்கும். இதற்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் போன் தேவையில்லை. வகுப்புக்கு ஒரு திரை இருந்தால் போதும்.

நூலகத்தில் என்ன செய்யலாம்?

'ப்ராஜெக்ட்' என்றாலே கூகுளில் முதலில் வரும் படத்தை பிரின்ட் எடுத்து ஒட்டுவது வழக்கமாகிவிட்டது. தமிழில் இதைவிட நல்ல வழிகள் இலவசமாகவே இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களையும் இதழ்களையும் படிக்கலாம். 1998 முதல் தன்னார்வலர்கள் நடத்தும் மதுரைத் திட்டத்தில் இலக்கியங்கள் கிடைக்கின்றன. இலங்கைத் தமிழரின் நூல்களுக்கும் பத்திரிகைகளுக்கும் நூலகம் இணையதளம் இருக்கிறது.

பள்ளி நூலக அலமாரியில் இந்தத் தளங்களின் க்யூ.ஆர். கோடுகளை பிரின்ட் எடுத்து ஒட்டிவைக்கலாம். போன் இல்லாத பிள்ளைகளுக்கு நூலகக் கணினியில் அரை மணி நேரம் ஒதுக்கலாம். எங்கிருந்து எடுத்தோம் என்று நோட்டில் எழுதச் சொன்னால், காப்பி அடிக்கும் பழக்கமும் குறையும்.

குழுவில் இவை வேண்டாமே!

வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் இரண்டுமே 13 வயதுக்கு உட்பட்டவர்கள் தாங்களாகவே கணக்கு தொடங்க அனுமதி தருவதில்லை. எனவே, சின்ன வகுப்புக் குழுக்களில் பெற்றோர்தான் இருக்க வேண்டும்.

மார்க் பட்டியலைக் குழுவில் போடுவதும் சரியில்லை. கடைசி வரியில் இருக்கும் பிள்ளையின் பெயரை வகுப்பில் உள்ள அத்தனை வீடுகளும் பார்க்கின்றன. பிள்ளைகளின் போட்டோவைப் பெயரோடு பொதுவெளியில் போடுவதற்கு முன்பு பெற்றோரிடம் கேட்பதுதான் முறை. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தகவல்களைக் கையாள பெற்றோரின் ஒப்புதலை வலியுறுத்துகிறது.

பெற்றோர் கேட்கலாம்

* வீட்டுப்பாடத்தை முதலில் கரும்பலகையில் எழுதி, பிள்ளைகள் டைரியில் குறித்துக்கொள்ளட்டும். குழுவில் வருவது நினைவூட்டலாக மட்டும் இருக்கட்டும்.
* எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்காக, முக்கியத் தகவல்களைக் குரல் பதிவாகவும் அனுப்பலாம்.
* மார்க்கைத் தனித்தனியாகச் சொல்லலாம்.

அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்கிறது 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். அடுத்த கூட்டத்தில் ஒரு பெற்றோர் எழுந்து, "போன் இல்லாத பிள்ளைக்கு இன்னைக்குப் பாடம் போய்ச் சேர்ந்ததா?" என்று கேட்டால் போதும். மற்றவர்களும் பேசத் தொடங்குவார்கள்.