மண்ணெண்ணெய் ஏறினால் அளவெட்டியில் எது குறையும்?

எரிபொருள் விலை கூடியது என்று செய்தி வந்தால் கொழும்புக்காரர் முதலில் பெற்றோல் விலையைப் பார்ப்பார். யாழ்ப்பாணத்து அளவெட்டியின் தோட்டக்காரர் பார்ப்பது மண்ணெண்ணெய் விலையை. 2022 ஆகஸ்ட் 21 நள்ளிரவு அது லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குத் தாவியது. நல்லூர்க் கந்தனின் தேருக்கு யாழ்ப்பாணம் ஆயத்தமாகிக்கொண்டிருந்த கிழமை அது. அந்தப் பொருளாதார நெருக்கடி வருடத்தில் பெற்றோலுக்குப் பட்ட பாட்டை நாடு முழுவதும் பேசித் தீர்த்தது. ஒரே இரவில் நான்கு மடங்கான மண்ணெண்ணெயைப் பற்றி உரக்கப் பேசியவர்கள் மீனவர்களும் தோட்டக்காரர்களும் மலையகத்து லயன் வீட்டுக்காரர்களும்தான்.

தோட்டக்காரருக்குக் காரணம் கிணறு. மாரியில் மட்டும் தண்ணீர் காணும் வழுக்கையாற்றை விட்டால் அளவெட்டி இருக்கும் வலிகாமத்தில் ஆறு என்று சொல்ல ஒன்றுமில்லை. அளவெட்டியின் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் மரவள்ளியும் விளைவது, சுண்ணக்கல்லுக்குள் தேங்கிக் கிடக்கும் மழைநீரைக் கிணற்றிலிருந்து மேலே கொண்டுவருவதால்தான். ஒரு காலத்தில் துலா இருந்தது. ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடக்க, இன்னொருவர் பட்டையைப் பிடித்துக் கவிழ்க்க, மூன்றாமவர் வாய்க்காலில் நின்று பாத்திக்குத் தண்ணீர் கட்டுவார். பிறகு மண்ணெண்ணெயில் ஓடும் பம்ப் வந்தது. மூன்று பேர் வேலையை ஒருவர் பார்த்தார். துலா போனதோடு அந்த உடலுழைப்புக்குப் பதிலாக ஒரு எண்ணெய்ச் செலவு தோட்டக் கணக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நெடுங்காலம் அரசாங்கம் மண்ணெண்ணெயை அடக்க விலைக்குக் கீழே விற்றதால் அந்தச் செலவு உறைக்கவில்லை.

ஒரு சிறு கணக்கு. பம்ப் மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெங்காயத்துக்கு ஒரு இறைப்பு மூன்று மணித்தியாலம். பழைய விலையில் 261 ரூபாய். புதிய விலையில் 1,020 ரூபாய். கோடையில் மூன்று நான்கு நாளைக்கு ஒரு முறை இறைத்தே ஆக வேண்டும். சினிமாவைத் தள்ளிப்போடலாம், கல்யாண வீட்டுக்குப் போகாமல் விடலாம். பாத்தியில் நிற்கிற வெங்காயத்திடம் அடுத்த கிழமை வா என்று சொல்ல முடியாது.

ஆகவே, எரிபொருள் ஏறும்போது தோட்டக்கார வீட்டில் வெட்டு விழும் ஒழுங்கு மாதச் சம்பளக்கார வீட்டு ஒழுங்கிலிருந்து வேறுபடும். கிணற்றுக்கு வேண்டியதை முதலில் ஒதுக்கிவிட்டு, மிஞ்சியதில்தான் மனிதர் பயணமும் பொழுதுபோக்கும். பத்திரிகைகள் எழுதும் ‘வீட்டுச் சிக்கனம் பத்து வழிகள்’ இந்த வீட்டுக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

மின் மோட்டார் பூட்டியவர்கள் தப்பினார்களா? அரைவாசி. 2022 மார்ச் 31ஆம் திகதி நாட்டில் 13 மணித்தியால மின்வெட்டு இருந்தது. கறண்ட் வரும் நேரத்தைப் பார்த்து நடுச்சாமத்தில் எழும்பித் தண்ணீர் கட்டவேண்டிய நிலை. வெட்டு நேரம் குறைந்தபோது விலை வந்தது. அதே ஆகஸ்ட்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது. மறு வருடம் பெப்ரவரியில் இன்னும் 66 வீதம்.

இனிப் பெற்றோல். 2021 டிசம்பரில் 92 ஒக்ரேன் லீற்றர் 177 ரூபாய். 2022 மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மே மாதம் 420, ஜூன் கடைசியில் 470. அளவெட்டியிலிருந்து யாழ்ப்பாணப் பட்டணத்துக்குச் சுமார் 15 கிலோமீட்டர். லீற்றருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் மோட்டார் சைக்கிளில் போய் வர முன்பு 106 ரூபாய் பிடித்தது. ஆறு மாதத்தில் அது 282 ரூபாயானது. தினமும் போகிற கடைச் சிப்பந்திக்கு இது சம்பளத்தில் கைவைக்கும் வேலை. ஆனாலும் சனத்தை வீட்டோடு இருத்தியது விலையை விடப் பங்கீடுதான். ஜூலையில் வந்த கியூ.ஆர். அட்டை மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று அளந்தது. 4 லீற்றர் என்றால் 200 கிலோமீட்டர். பட்டணத்துக்கு ஆறு முறை போய் வந்தால், ஏழாவது முறைக்குக் காணாது. ராஜா தியேட்டரில் ஒரு படம் பார்க்கப் போவதென்றால் கிழமைப் பங்கில் ஏழில் ஒன்று கரைந்துவிடும். வேலைக்குப் போகிறவர் வீட்டில் அதற்கு யார் சம்மதிப்பார்?

விலைக்கும் பங்கீட்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை அந்த மாதங்களில் ஊர் அனுபவத்தில் படித்தது. விலை ஏறினால் இருக்கிறவன் ஓடுவான், இல்லாதவன் நிற்பான். பங்கீடு வந்தால் இருவரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். காரையும் மோட்டார் சைக்கிளையும் ஒன்றாக எண்ணினால்தான் அதுவும். கார் வைத்திருந்தவருக்கு ஐந்து மடங்கு கிடைத்தது என்பதை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. கியூ.ஆர். முறை 2023 செப்டெம்பர் முதலாம் திகதிதான் நின்றது.

இந்த இடைவெளியில் சைக்கிள் தலைநிமிர்ந்தது. யாழ்ப்பாணம் எப்போதும் சைக்கிள் ஊர்; நிலம் தட்டை, ஏற்றம் இறக்கம் கிடையாது. மோட்டார் சைக்கிள் பெருகிய பிறகு சுவரோடு சாய்ந்து துருப்பிடித்தவற்றை எல்லாம் கழுவி, ரியூப் மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டு எடுத்தார்கள். புதுச் சைக்கிளின் விலையோ கேட்கவே பயமான நிலைக்குப் போய்விட்டது. ஒரே ஒரு தொந்தரவு: நெருக்கடி முற்றிய ஜூன், ஜூலை மாதங்கள் சோளகம் வீசும் காலம். அளவெட்டியிலிருந்து தெற்கே பட்டணம் நோக்கி உழக்குகிறவருக்கு அது எதிர்க்காற்று. வேலைக்கு வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர வேண்டும். பின்னேரம் திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விடும்.

எதிர்க்காற்றைத் தாங்க முடியாதவர்களுக்கு ரயில் இருந்தது. முறிகண்டிக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் ‘யாழ் ராணி’ என்ற ரயில் அந்த ஜூலையில் ஓடத் தொடங்கியது, பெற்றோல் இல்லாமல் தவித்த அலுவலர்களுக்காகவே. மல்லாகம் நிலையம் அளவெட்டிக்குக் கிட்ட. 1990இல் நின்றுபோய் 2015 ஜனவரியில்தான் காங்கேசன்துறை வரை மீண்ட பாதை இது. மீண்டு ஏழே வருடத்தில் தன் அருமையைக் காட்டிவிட்டது. சைக்கிளை நிலையத்தில் விட்டு ரயிலேறும் பழக்கம் அப்படித்தான் திரும்பியது.

அரசாங்கம் தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னது. அரச ஊழியர்கள் வெள்ளிக்கிழமை வீட்டில் நின்று தோட்டம் செய்யட்டும் என்று ஜூனில் அமைச்சரவை மூன்று மாதத்துக்கு விடுமுறை கொடுத்தது. எரிபொருளும் மிச்சம், மரக்கறியும் மிச்சம் என்பது எண்ணம். வலிகாமத்தில் இதைக் கேட்டவர்கள் சிரித்திருந்தால் அதில் பிழையில்லை. மண்ணெண்ணெய்க்கும் உரத்துக்கும் வழி சொல்லாமல் தோட்டம் செய்யச் சொன்னால் தோட்டக்காரருக்குச் சிரிப்புத்தானே வரும்.

குசினிக்கு வருவோம். 2021 செப்டெம்பரில் 1,493 ரூபாயாக இருந்த 12.5 கிலோ லிட்ரோ காஸ் சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாய். அதற்கு முன்பே, 2021 கடைசியில் நாட்டின் பல இடங்களில் காஸ் அடுப்புகள் வெடித்து ஒரு பயமும் பிடித்திருந்தது. கோடிப்புறத்து விறகடுப்பை இடித்துவிடாமல் வைத்திருந்த வீடுகள் அதிகம் தடுமாறவில்லை. பனை நிற்கிற காணியில் விறகுக்குப் பஞ்சமில்லை: மட்டை, பன்னாடை, கொக்கரை, ஊமல். தென்னை இருந்தால் பாளையும் பொச்சும். ஊமல் மெதுவாக நின்று எரியும். ஒடியல் கூழ் காய்ச்சவும் பருப்பு அவிக்கவும் அதைவிட நல்ல நெருப்பு வேண்டாம். சிரமப்பட்டவை பட்டணத்தில் வாடகைக்கு இருந்த, மாடியில் குடியேறிய குடும்பங்கள். சிக்கனத்துக்கும் ஒரு முற்றம் வேண்டியிருக்கிறது.

வயதானவர்களுக்கு இதெல்லாம் இரண்டாவது முறை எழுதும் பரீட்சை. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபோது குடாநாட்டுக்குக் கறண்ட் நின்றது. பெற்றோல், டீசல், பற்றரி என்று நீண்டதொரு பட்டியல் தடைக்குள் போனது. மண்ணெண்ணெய் அளந்து வந்தது. அந்தக் காலத்துச் சூட்சுமங்களில் பல எரிபொருளைச் சொட்டாக எண்ணியதில் பிறந்தவை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, சைக்கிள் ரியூப்பின் வால்வுக் கட்டைக்குள் திரியைக் கோர்த்து நிறுத்திய விளக்கின் கீழ்தான் ஒரு தலைமுறை உயர்தரப் பரீட்சைக்குப் படித்தது. போத்தலே கண்ணாடிச் சிம்னியுமாகும்; சுடர் சிறிது, ஆனால் காற்றில் அணையாது.

மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டியது இன்னும் கெட்டித்தனம். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, அதனால் தீப்பிடிக்காது. தோட்டத்துப் பம்ப்பிலும் இதே சிக்கல்தான். சிறு தாங்கியில் கொஞ்சம் பெற்றோல் விட்டு இயக்கி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்புவார்கள். அதையே மோட்டார் சைக்கிளிலும் பழைய கார்களிலும் செய்தார்கள். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலைப் பீய்ச்சி, ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு போவது. பெற்றோலை மருந்துப் போத்தலில் வைத்துப் பாதுகாத்த காலம் அது. எஞ்சினுக்கு அது நல்லதல்ல என்பது ஓட்டியவர்களுக்கும் தெரியும்.

பொழுதுபோக்கு அப்போதும் நிற்கவில்லை, உருமாறியது. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி ஒருவர் பெடலை உழக்க, டைனமோ தந்த மின்னில் ரேடியோ பாடும், பி.பி.சி. தமிழோசைக்கு அயலட்டம் முழுவதும் கூடும். உழக்குகிறவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைக்கும். படம் பார்க்க ஆசைப்பட்டால் ரீவியும் டெக்கும் ஜெனரேட்டரும் வாடகைக்கு எடுத்து, பத்து வீட்டுக்காரர் காசு போட்டு, மண்ணெண்ணெய் வாங்கி ஊற்றி, விடிய விடிய மூன்று நான்கு படங்கள் ஓடும். எப்படியும் ஜெனரேட்டரை இயக்குவதென்று வந்துவிட்டால் ஒரு படத்தோடு நிறுத்துவது நட்டம். எண்ணெய் விலை ஏறியபோது ஊர் படத்தைக் கைவிடவில்லை. பார்வையாளர் தொகையைக் கூட்டி ஆள்வீதச் செலவைக் குறைத்தது.

வசதியான நாடுகளும் இப்படி ஒருமுறை விரலைச் சுட்டுக்கொண்டவைதான். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை மறித்தபோது, மூன்று டொலர் அளவில் இருந்த பீப்பாய் சில மாதங்களில் பன்னிரண்டு டொலரை நெருங்கியது. நெதர்லாந்து நவம்பர் 4ஆம் திகதி தொடங்கி ஞாயிற்றுக்கிழமைகளில் காரைத் தடைசெய்தது. நெடுஞ்சாலையில் சனம் சைக்கிளும் சறுக்குச் சப்பாத்துமாக இறங்கியது. பிரித்தானியாவில் தொலைக்காட்சியை இரவு பத்தரைக்கு நிறுத்தச் சொன்னார்கள். அமெரிக்காவில் டேட்டோனா 500 மைல் காரோட்டப் போட்டியை 1974இல் 450 மைலாகக் குறைத்தார்கள். முதல் இருபது சுற்று ஓடி முடிந்ததாகக் கணக்கு வைத்து, இருபத்தோராவது சுற்றிலிருந்து ஆரம்பித்தார்கள். பொழுதுபோக்கை விடாமல் வெட்டியதாகக் காட்டிக்கொள்ளும் கலை எல்லாத் தேசத்துக்கும் பொது.

அளவெட்டியின் பெரிய பொழுதுபோக்கு எது என்று கேட்டால், கோயில் வீதியில் இருந்து நாதஸ்வரம் கேட்பது என்றே பழையவர்கள் சொல்வார்கள். நாதஸ்வர வித்துவான் என்.கே. பத்மநாதனின் ஊர் இது. தவில் மேதை வி. தெட்சணாமூர்த்தி வாழ்ந்த ஊரும் இதுதான். கும்பழாவளைப் பிள்ளையார் கோயில் திருவிழாவுக்கு உள்ளூர்க்காரர் நடந்தே போகலாம். நாதஸ்வரத்துக்கு எண்ணெய் வேண்டாம். ஆனால் வெளியூர்க் குழுவை ஏற்றி இறக்கும் வானுக்கு வேண்டும், ஒலிபெருக்கிக்கு ஜெனரேட்டர் பிடித்தால் அதற்கும் வேண்டும். டீசல் 121 ரூபாயிலிருந்து 460 ரூபாய்க்குப் போன வருடத்தில் உபயகாரர் ஒருவர் எதைக் குறைப்பார்? கூட்டு மேளத்தில் ஒரு கூட்டைக் குறைப்பார், மின்விளக்குச் சோடனையைக் குறைப்பார். சுவாமி வீதி வலம் வருவதை நிறுத்தமாட்டார்.

எல்லா வீட்டிலும் ஒரே அளவில் வெட்டு விழவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்ச் சொச்சமாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபாய். கனடாவிலோ சுவிஸிலோ பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அதே நூறு டொலர் கூடுதல் ரூபாயாக வந்தது. விலையேற்றத்தில் ஒரு பங்கை அது உறிஞ்சிக்கொண்டது. வெளிநாட்டுக் காசு வராத பக்கத்து வீடு, செப்டெம்பரில் 70 வீதத்தைத் தொட்ட பணவீக்கத்தை முழுதாகத் தலையில் சுமந்தது. உணவுப் பண்டங்களில் அது 95 வீதம். அந்த வீட்டில் வெட்டியவை பொழுதுபோக்குகள் என்ற பட்டியலில் வராது: பால்மா, மீன், பிள்ளையின் ரியூசன் வகுப்பில் ஒன்று.

பம்ப் செலவைக் குறைக்க வழியில்லை என்றும் முடிவுகட்டத் தேவையில்லை. வாய்க்கால் வழியே ஓடும் தண்ணீரில் ஒரு பங்கு பாத்திக்குப் போகுமுன்பே மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. தூவல் முறையிலும் சொட்டு முறையிலும் அந்த நட்டம் குறையும், கூடவே மிசின் ஓடும் நேரமும் குறையும். பாத்திக்கு வைக்கோலோ சருகோ மூடுபடையாகப் போட்டால் இரண்டு இறைப்புகளுக்கு இடையில் ஒரு நாளைத் தள்ளலாம். உச்சி வெயிலை விட்டுக் காலையில் இறைத்தாலும் பலன் உண்டு. ஒரே கிணற்றில் பங்குள்ளவர்கள் முறை வைத்து இறைப்பது இங்கே பழைய வழக்கம் என்பதால், சேர்ந்து ஒரு தூவல் தொகுதியோ சூரிய மின் பம்ப்போ பூட்டுவது தனியாளாகச் செய்வதைவிடச் சுலபம். முதலில் போடுகிற காசுதான் தடை. 2025இல் மண்ணெண்ணெய் 180 ரூபாய் மட்டத்துக்கு இறங்கியிருந்தது, பெற்றோல் 300ஐ ஒட்டி நின்றது. பழைய 87 ரூபாயோடு பார்த்தால் இறைப்புச் செலவு அப்போதும் இரட்டிப்பாகவே இருந்தது. மூன்று மணித்தியால இறைப்புக்கு 540 ரூபாய்.