விமானத்தில் ஒரு மணி நேரம்தானே?

"மதுரைக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தானே டாக்டர், அப்பா தாங்கிக்கொள்வார்" என்றார் மகன். நுரையீரலிலிருந்து காற்று கசிந்து நெஞ்சறையில் தேங்கியதால், குழாய் பொருத்திச் சிகிச்சை பெற்றவர் அவருடைய தந்தை. குழாயை அகற்றி இரண்டு நாள்களே ஆகியிருந்தன. மறுநாள் சென்னையிலிருந்து புறப்படப் பயணச்சீட்டும் எடுத்துவிட்டார்கள். வெளியூரிலிருந்து சிகிச்சைக்கு வரும் பல குடும்பத்தினர் இதே கேள்வியைக் கேட்பதால், அதற்கான விடையை இங்கே விளக்குகிறேன்.

தொலைவும் நேரமும்

சென்னை, மதுரை விமான நிலையங்களுக்கு இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 420 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் அரை மணி நேரம் போதும் எனத் தோன்றும். ஆனால் ஓடுபாதைக்குச் செல்லவும், மேலெழவும், தரையிறங்கவும் நேரம் தேவை. எனவே அட்டவணையில் ஒன்றேகால் மணி நேரம் அளவில் குறிப்பிடுகிறார்கள். நோயாளியின் பயணமோ வீட்டு வாசலில் தொடங்குகிறது. விமான நிலையம் செல்லுதல், இரண்டு மணி நேரக் காத்திருப்பு, இறங்கியபின் பெட்டிக்காக நிற்றல், வீடு சேர்தல் அனைத்தையும் கூட்டினால் ஐந்து மணி நேரம் ஆகிவிடும். மருந்து, உணவு, ஓய்வு ஆகியவற்றை இந்த ஐந்து மணி நேரத்துக்கே திட்டமிட வேண்டும்.

உயரமே முதன்மையானது

பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் தரையில் இருப்பதைவிடக் குறைவு. 8,000 அடி, அதாவது சுமார் 2,400 மீட்டர் உயரத்துக்கு நிகரான அளவு வரை அது குறையலாம். இது உதகமண்டலத்தைவிடச் சற்று அதிக உயரம். நலமானவர்களுக்கு இதனால் தொல்லையில்லை. நாட்பட்ட நுரையீரல் நோயாளிகளுக்கோ இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு சரியக்கூடும்.

மேலும், அவ்வுயரத்தில் உடலுக்குள் அடைபட்டுள்ள காற்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விரிவடையும். நெஞ்சறையில் எஞ்சிய காற்று விரிந்தால் நுரையீரலை மீண்டும் அழுத்தும். விழித்திரை அறுவையின்போது கண்ணுக்குள் வாயு செலுத்தப்பட்டவர்களுக்குக் கண்ணழுத்தம் உயர்ந்து பார்வையே பறிபோகலாம். விமானம் மேலெழும்போதே இது நிகழ்வதால், பயணம் குறுகியது என்பது பாதுகாப்பாகாது. நுரையீரல் முழுமையாக விரிந்துள்ளதை எக்ஸ்-கதிர்ப் படத்தில் உறுதிசெய்த பிறகும் குறைந்தது ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். கண்ணில் வாயு உள்ளவர்கள், அது முற்றிலும் கரைந்துவிட்டதாகக் கண் மருத்துவர் கூறும்வரை பறக்கக் கூடாது. மலைப்பாதைப் பயணத்துக்கும் அவரிடம் கேட்க வேண்டும்.

புறப்படும் முன்

• பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். தேவையெனில் பயணத் தகுதிச் சான்றிதழ் பெறுங்கள்.
• ஆக்சிஜன் தேவைப்படுபவர்கள் விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள். சொந்தச் சிலிண்டரைப் பொதுவாக அனுமதிப்பதில்லை.
• முன்பதிவின்போதே சக்கர நாற்காலி கேளுங்கள்.
• மருந்துகள், இன்சுலின், மருத்துவ அறிக்கைகள் கைப்பையில் இருக்கட்டும்.
• பயணத்தின்போது மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ ஏற்பட்டால், தயங்காமல் விமானப் பணியாளரிடம் உடனே தெரிவியுங்கள்.

அந்த முதியவர் பயணச்சீட்டை ரத்துசெய்துவிட்டு, இரவு ரயிலில் கீழ்ப்படுக்கையில் ஊர் திரும்பினார். கூடுதலாகச் சில மணி நேரம் ஆயிற்று. நலமாக வீடு சேர்ந்ததாக மறுநாள் காலையில் மகன் தொலைபேசியில் தெரிவித்தார்.